விளையாட்டு வினையாகும்போது

நம் இல்லங்களில் நாள்தோறும் வழங்கும் சொற்களுள் 'விளையாட்டு' என்பதைப்போல் பழிக்கு ஆளான சொல் வேறொன்று உண்டா என்பது ஐயமே. பொறுப்பில்லாதவனை 'விளையாட்டுப் பிள்ளை' என்கிறோம். கருத்தூன்றிச் செய்யவேண்டியதைக் கைவிட்டவனை 'விளையாட்டாக இருந்துவிட்டான்' என்கிறோம். பிறர் மனம் நோகும்படி ஒன்றைப் பேசிவிட்டால் 'விளையாட்டுக்குச் சொன்னேன்' என்று தப்பித்துக்கொள்கிறோம். இவை போதா என்று 'விளையாட்டு வினையாகும்' என்னும் பழமொழியையும் கையிருப்பில் வைத்திருக்கிறோம்.

ஆயின் 'வினை' என்னும் சொல்லுக்குத் தமிழில் இரண்டு முகங்கள் உண்டு. கேடு, துன்பம் என்பது ஒன்று. செயல், தொழில், ஒருவன் தன் வாழ்நாளை ஈடுபடுத்தும் பணி என்பது மற்றொன்று. பழமொழி முதற்பொருளில் நின்று எச்சரிக்கிறது. இன்றைய இளைஞர் பலர் இரண்டாம் பொருளை விரும்புகின்றனர். தாம் ஆடும் ஆட்டமே தமக்குத் தொழிலாகவும், சோறு போடும் வழியாகவும் அமையவேண்டும் என்று அவர்கள் கேட்கின்றனர். அவ்வாறு கேட்பது முறைதானா? முறையென்றால், அந்த விருப்பத்தின் சுமையைத் தாங்கவேண்டியவர் யார்? இவ்விரு வினாக்களையும் இம்மலரில் சற்றே ஆராய முற்படுகின்றோம். இவை ஏட்டில் மட்டும் எழுந்த வினாக்கள் அல்ல. நம் சங்கத்தின் வாயிற்படியில் வந்து நின்ற வினாக்கள்.

சில ஆண்டுகளுக்கு முன் நம் ஆண்டு விழா மேடையில் தாராவியைச் சேர்ந்த ஓர் இளைஞருக்குப் பொன்னாடை போர்த்தினோம். அவருடைய பாட்டனார் திருநெல்வேலிச் சீமையிலிருந்து தோல் பதனிடும் வேலைக்காக இந்நகருக்கு வந்தவர். பேரர் கபடியில் தேர்ந்து, மாநில இளையோர் அணிக்கான பயிற்சி முகாம்வரை சென்றிருந்தார். அரங்கம் அதிரக் கைதட்டினோம். இரண்டு நாள் கழித்து அவர் சங்க அலுவலகத்துக்கு வந்தார். ஆறு மாதம் பயிற்சியில் இருக்க வேண்டும், அதுவரை வேலைக்குப் போக இயலாது, வீட்டில் அவர் சம்பளத்தை எதிர்பார்த்திருக்கிறார்கள், சங்கம் ஏதேனும் கைகொடுக்குமா என்று தயங்கித் தயங்கிக் கேட்டார். நாம் அவரை அமரவைத்துத் தேநீர் கொடுத்தோம். "முதலில் டிகிரியை முடி, தம்பி. விளையாட்டெல்லாம் அப்புறம் பார்த்துக்கொள்ளலாம்" என்று அன்போடுதான் சொல்லியனுப்பினோம். அதே ஆண்டில் சதுரங்கம் ஆடும் ஒரு சிறுவன் வெளிநாட்டுப் போட்டிக்குச் செல்லும் பொருட்டு, பட்டியல் போட்டு நன்கொடை திரட்டியதும் நாமே.

சதுரங்கச் சிறுவனுக்கு உதவியதில் தவறில்லை. கபடி இளைஞருக்குச் சொன்ன அறிவுரையிலும் கெட்ட எண்ணமில்லை. ஆயினும் இரண்டையும் அருகருகே வைத்துப் பார்க்கும்போது மனம் உறுத்துகிறது. அந்த உறுத்தலே இக்கட்டுரைக்குத் தோற்றுவாய்.

விளையாட்டைப் பற்றி நம் முன்னோர் என்ன கருதினர் என்பதிலிருந்து தொடங்கலாம். தொல்காப்பியர் மெய்ப்பாட்டியலில் உவகை பிறக்கும் நிலைக்களன்கள் நான்கை வகுக்கிறார். அவற்றுள் ஒன்று விளையாட்டு. செல்வமும் அந்நான்கனுள் ஒன்று. இரண்டும் ஒரே வரிசையில் நிற்கின்றன என்பதும், இரண்டும் வெவ்வேறாக எண்ணப்படுகின்றன என்பதும் கருதத்தக்கன. செல்வத்தால் வரும் மகிழ்ச்சியைப் போலவே ஆட்டத்தால் வரும் மகிழ்ச்சியும் மெய்யானது. ஆனால் ஒன்றை மற்றொன்றாக மாற்றி எண்ணிவிடலாகாது. மேலும், உரியியலில் 'பண்ணை' என்னும் சொல்லுக்கு விளையாட்டு என்று பொருள் கூறப்படுகிறது. இன்று பண்ணை என்றால் நமக்கு நினைவுக்கு வருவது விளைச்சல் தரும் நிலம். ஆட்டத்துக்கும் விளைச்சலுக்கும் ஒரே சொல் வந்து சேர்ந்தது தற்செயலாகவே இருக்கலாம். எனினும், ஆடுகளமும் ஒரு விளைநிலம் ஆகுமா என்று கேட்கும் இன்றைய தலைமுறைக்கு அச்சொல் புதுப்பொருள் தருகிறது.

பழந்தமிழர் ஆட்டத்தை வெறும் பொழுதுபோக்காக மட்டும் கண்டாரல்லர் என்பதற்குக் கலித்தொகையின் முல்லைக்கலி சான்று. ஏறு தழுவியவனுக்கே மகளைக் கொடுக்கும் வழக்கத்தை அது பாடுகிறது. அங்கே களத்தில் இறங்கியவன் உயிரையும் பணயம் வைத்தான், வாழ்வையும் பெற்றான். ஆட்டத்துக்கு வெளியே ஒரு பயன் இருந்தது என்பதற்காக அது ஆட்டமன்று என்று எவரும் கூறவில்லை.

மேலைநாட்டு அறிஞர் சிலர் இதற்கு மாறாக எண்ணினர். டச்சு நாட்டு வரலாற்றறிஞர் ஹூய்சிங்கா 1938-ல் வெளியிட்ட 'ஹோமோ லூடென்ஸ்' என்னும் நூலில், மனிதப் பண்பாடே விளையாட்டுணர்விலிருந்து கிளைத்தது என்று நிறுவ முயன்றார். விளையாட்டு தானே விரும்பி ஆடப்படுவது. அன்றாட வாழ்க்கைக்கு வெளியே தனக்கென ஓர் இடமும் காலமும் கொண்டது. பொருளாதாயம் கருதாதது என்பன அவர் கண்ட இலக்கணங்கள். அவ்விலக்கணத்தை அளவுகோலாகக் கொண்டால், கூலிக்கு ஆடுபவனின் ஆட்டத்தில் ஏதோ ஒன்று குறைந்துபோகிறது. நம்மிடையே பெரியவர் பலரும் இதே கருத்தை வேறு சொற்களில் கூறக் கேட்டிருக்கிறோம். "ஆசைக்கு ஆடட்டும், காசுக்கு ஆடவேண்டாம்" என்பது அவர்கள் வாக்கு.

கேட்பதற்கு உயர்ந்த கொள்கையாகவே தோன்றுகிறது. ஆயின் சமூகவியலார் இக்கொள்கையின் வரலாற்றைத் துருவிப் பார்த்தபோது வேறு செய்தி வெளிப்பட்டது. ஆசைக்கு மட்டும் ஆட இயலுபவன் யார்? அடுத்த வேளைச் சோறு எங்கிருந்து வரும் என்று கவலைப்படத் தேவையில்லாதவன். அமெரிக்க அறிஞர் தோர்ஸ்டீன் வெப்லென் 1899-லேயே, விளையாட்டு ஓய்வுடைய செல்வர் வகுப்பின் அடையாளமாக விளங்குவதை எடுத்துக்காட்டினார். இங்கிலாந்தின் கிரிக்கெட்டில் கூலி பெறாது ஆடியவர்கள் 'ஜென்டில்மென்' எனப்பட்டனர். கூலி பெற்று ஆடியவர்கள் 'பிளேயர்ஸ்' எனப்பட்டனர். இரு சாராருக்கும் உடை மாற்றும் அறைகள் வேறு. களத்துக்குள் வரும் வாயில்கள் வேறு. ஆட்டக்குறிப்பு அட்டையில் பெயரை அச்சிடும் முறைகூட வேறு. ஒரே பந்து, ஒரே மட்டை, ஒரே வெயில். வாயில்கள் மட்டும் இரண்டு. இந்த வேறுபாடு 1962-ல்தான் ஒழிக்கப்பட்டது.

ஜிம் தோர்ப் என்னும் அமெரிக்கப் பழங்குடி வீரர் 1912 ஸ்டாக்ஹோம் ஒலிம்பிக்கில் இரண்டு தங்கப் பதக்கங்களை வென்றார். முன்னரே சிறு தொகை பெற்றுக்கொண்டு பேஸ்பால் ஆடியிருந்தார் என்பது வெளிப்பட்டதும், மறு ஆண்டே அவை பறிக்கப்பட்டன. அவர் மறைந்து பல ஆண்டுகள் கழிந்தபின் 1983-ல் அப்பதக்கங்களின் பிரதிகள் அவருடைய குடும்பத்தாரிடம் வழங்கப்பட்டன; தனி வெற்றியாளராக அவர் மீண்டும் அறிவிக்கப்பட்டது 2022-ல். சில டாலர்களுக்காக ஒரு மனிதர் 110 ஆண்டுகள் காத்திருக்க நேர்ந்தது. ஏழை ஆடிப் பிழைத்தால் இழுக்கு, செல்வன் ஆடிக் களித்தால் பண்பு என்னும் இரட்டை நீதிக்கு இதைவிடச் சான்று வேண்டுமா?

நாம் வாழும் இம்மாநிலத்து மண்ணிலேயே இதைவிட ஆழமான ஒரு சான்று உண்டு. பல்வங்கர் பாலு என்பவர் ஒடுக்கப்பட்ட வகுப்பிற் பிறந்தவர். பூனாவில் ஐரோப்பியரின் ஆட்டத்திடலில் மாதம் நான்கு ரூபாய் சம்பளத்துக்குத் திடல் காக்கும் பணியில் இருந்தார். வலைப்பயிற்சியில் ஐரோப்பியருக்குப் பந்து வீச வாய்த்த வேளைகளில், அவருடைய இடக்கை சுழலின் அருமை வெளிப்பட்டது. பின்னர் அவரை அணியில் சேர்த்துக்கொண்ட இந்துக்கள், களத்தில் அவர் தொட்ட பந்தைத் தாமும் தொட்டனர். தேநீர் இடைவேளையிலோ அவருக்கு வெளியே தனியாக மண்குவளையில் தேநீர் கொடுத்தனர். 1911-ல் இங்கிலாந்து சென்ற இந்திய அணியில் 100-க்கும் மேற்பட்ட விக்கெட்டுகளை வீழ்த்தியவர் அவர். இருந்தும் பம்பாய்ப் போட்டிகளில் இந்துக்கள் அணியின் தலைமைப் பொறுப்பு அவருக்கு முறையாக அளிக்கப்படவில்லை. 1923-ல் அவருடைய தம்பி விட்டல்தான் அப்பொறுப்பைப் பெற்றார். பாலுவின் வாழ்வில் விளையாட்டும் கூலியும் பிரிக்க இயலாதபடி பின்னிக் கிடந்தன. கூலிக்காகத் திடலுக்குள் வந்திராவிடில் அவர் திடலுக்குள் வந்தே இருக்கமாட்டார். 'காசுக்கு ஆடவேண்டாம்' என்னும் விதியை அன்று கண்டிப்பாகக் கடைப்பிடித்திருந்தால், முதலில் வெளியேற்றப்பட்டிருப்பவர் அவரே.

மறுபுறத்தையும் பார்ப்பது நேர்மை. நாகர்கோவிலிற் பிறந்த ராமநாதன் கிருஷ்ணன் 1960-லும் 1961-லும் விம்பிள்டன் அரையிறுதிவரை சென்றார். அதற்குச் சற்று முன்பு, மூன்று ஆண்டுகளுக்கு 1,50,000 டாலர் தருவதாகக் கூறித் தொழில்முறை ஆட்டக் குழுவில் சேர அழைத்தார் ஜாக் கிராமர். கிருஷ்ணன் மறுத்துவிட்டார். சேர்ந்திருந்தால் விம்பிள்டனிலும், நாட்டுக்காக டேவிஸ் கோப்பையிலும் ஆட இயலாது என்பது அக்கால விதி. 1966-ல் இந்தியா டேவிஸ் கோப்பையின் இறுதிச் சுற்றை எட்டியதில் அவர் பங்கு பெரிது. பின்னாளில் அவர் சென்னையில் எரிவாயு விநியோக முகமை நடத்தி வாழ்ந்தார். டென்னிஸ் உலகின் பெரும் போட்டிகள் தொழில்முறை வீரருக்குத் திறந்தது 1968-ல். கிருஷ்ணனின் மறுப்பில் பெருமை இருக்கிறது. அதை நாம் குறைத்துப் பேசவில்லை. ஆனால் ஒருவர் தாமே முன்வந்து துறப்பது வேறு. துறக்கும்படி எல்லாரையும் விதி கட்டாயப்படுத்துவது வேறு. முன்னது அறம். பின்னது, துறப்பதற்கு ஒன்றுமில்லாதவனிடமும் துறவைக் கேட்பது.

ஆகவே முதல் வினாவுக்கு விடை ஒருவாறு தெளிவாகிறது. ஆடிப் பிழைக்க விரும்புவதில் இழுக்கில்லை. இசை பாடிப் பிழைப்பவரையும் எழுதிப் பிழைப்பவரையும் மதிக்கும் நாம், ஓடிப் பிழைப்பவரை மட்டும் குறைவாக எண்ணுவதற்கு அறவழிப்பட்ட காரணம் ஒன்றுமில்லை.

எனினும் நம் குடும்பங்களின் அச்சம் இழுக்கைப் பற்றியது மட்டுமன்று, பிழைப்பைப் பற்றியது. அந்த அச்சத்தை எள்ளி நகையாடுவது எளிது, நியாயமன்று. நம்முள் பலருடைய தந்தையரும் பாட்டன்மாரும் இந்நகருக்கு வந்தது தேர்வு என்னும் ஏணியைப் பிடித்துக்கொண்டு. தட்டெழுத்தும் சுருக்கெழுத்தும் கற்ற விரல்களே குடும்பத்தைக் கரையேற்றின. கற்றது கைவிடாது என்பது அவர்கள் பட்டறிந்த உண்மை. ஆட்டக்களத்தின் கணக்கோ வேறு. தொழில்முறைக் கபடித் தொடர் 2014-ல் தொடங்கியது. முதல் ஏலத்தில் மிக உயர்ந்த விலை 12 லட்சத்து 80 ஆயிரம் ரூபாய். 2023 ஏலத்தில் ஒரே வீரருக்கு 2 கோடியே 60 லட்சத்துக்கும் மேல் கொடுக்கப்பட்டது. கேட்பவர் காதில் இவ்வெண்கள் தேனாகப் பாயும். ஆனால் அணிகள் 12. ஓர் அணிக்கு 25 பேர் என்று கொண்டாலும் மொத்தம் 300 இடங்களே. 2008-ல் தொடங்கிய ஐ.பி.எல். கிரிக்கெட்டின் ஐந்தாண்டு ஒளிபரப்பு உரிமை 2022-ல் 48,390 கோடி ரூபாய்க்கு விற்பனையாயிற்று. அங்கும் அணிகள் 10, அணிக்கு 25 பேரே உச்சவரம்பு, 250 இடங்கள். அதிலும் ஒரு பங்கு அயல்நாட்டாருக்கு. 140 கோடி மக்கள் வாழும் நாட்டில், இவ்விரு தொடர்களையும் சேர்த்தால்கூட ஒரு நடுத்தரப் பள்ளியின் மாணவர் தொகையளவே இடங்கள்.

சந்தை வருவதற்கு முன்னும் வழியில்லாமல் இல்லை. இராணுவம், ரயில்வே, காவல்துறை, வங்கிகள், பொதுத்துறை நிறுவனங்கள் ஆகியவையே நெடுங்காலம் இந்திய விளையாட்டின் புரவலர்களாக இருந்தன. தியான்சந்த் 1922-ல் சிப்பாயாகப் படையிற் சேர்ந்தவர். 1928, 1932, 1936 ஆகிய மூன்று ஒலிம்பிக்குகளிலும் ஹாக்கித் தங்கம் வென்ற அணிகளில் ஆடியவர். உலகம் வியந்த அவருக்குச் சோறிட்டது ஹாக்கியன்று, படைச்சம்பளமே. மேஜர் பதவியில் ஓய்வு பெற்ற அவர், இறுதி நாள்களில் பணமுடையோடு இருந்து 1979-ல் தில்லியில் மறைந்தார். இந்த 'விளையாட்டு ஒதுக்கீடு' முறையால் ஆயிரக்கணக்கான எளிய குடும்பங்கள் தலையெடுத்தன என்பதை மறுக்கலாகாது. எனினும் அதற்கொரு வரம்பு உண்டு. அங்கே விளையாட்டு வேலைக்குரிய நுழைவுச்சீட்டே ஒழிய, வேலை ஆவதில்லை. மேசையும் கோப்பும் கிடைத்தபின் கால்கள் களத்தை மறந்துவிடும். பெற்றோரும் அப்படி மறப்பதையே விரும்புவர்.

பிரெஞ்சு சமூகவியலார் பியர் பூர்தியூ 1978-ல் விளையாட்டையும் சமூக வகுப்பையும் பற்றி எழுதிய கட்டுரையில் நுட்பமான ஒன்றைச் சுட்டினார். உடலுழைப்பால் வாழும் வகுப்பினர் உடலை ஒரு கருவியாகக் காண்கின்றனர். வலியையும் காயத்தையும் பொறுத்து, அதனை முதலாக இட்டு ஆடும் ஆட்டங்களை நாடுகின்றனர். நடுத்தர வகுப்பினரோ உடல்நலம், தோற்றம், ஒழுங்கு ஆகியவற்றுக்காகவே ஆடுகின்றனர் என்பது அவர் கருத்தின் சாரம். இதை நம்மீது பொருத்திப் பார்ப்போம். மாதுங்காவிலும் செம்பூரிலும் குடியேறிய நம்மவர் சதுரங்கத்தையும் டென்னிஸையும் கிரிக்கெட்டையும் பிள்ளைகளுக்குக் கற்பித்தனர். தாராவியில் குடியேறிய நம்மவரின் பிள்ளைகள் கபடி ஆடினர். ஊரில் பாட்டன் 'சடுகுடு' என்று பாடிச் சென்றதையே, அடுத்த வீட்டு மராத்தியரின் பாட்டன் 'ஹுதுது' என்று பாடியதையே, பேரன் 'கபடி' என்று பாடினான். மொழியால் நாம் ஒரு சங்கம். ஆட்டத்தால் இரண்டு. நன்கொடைப் பட்டியல் ஒரு பக்கமும் பொன்னாடை மறுபக்கமும் சென்றது தற்செயல் அன்று என்பதை ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும்.

உடலை முதலாக இட்டவர் இழக்கும்போது எவ்வளவு இழக்கிறார் என்பதற்குப் புதுக்கோட்டை மாவட்டத்து சாந்தி சௌந்தரராஜனின் வாழ்வு சான்று. செங்கற்சூளைத் தொழிலாளரின் மகளான அவர், 2006 தோகா ஆசிய விளையாட்டில் 800 மீட்டர் ஓட்டத்தில் வெள்ளி வென்றார். பாலினச் சோதனையின் பேரில் அப்பதக்கம் பறிக்கப்பட்டது. உலகறிய அவர் நாணுமாறு செய்யப்பட்டார். 2012-ல் அவர் செங்கற்சூளையில் நாட்கூலிக்கு உழைத்துவந்தார் என்னும் செய்தி நாட்டை உலுக்கியது. பின்னர் பயிற்சியாளர் படிப்பை முடித்து, தமிழ்நாட்டில் அரசுப் பயிற்சியாளராகப் பணியேற்றார். அவர் எழுந்தது அவருடைய திண்மை. ஆயின் ஓடும் கால்களைக் கொண்டாடிய சமுதாயம், அக்கால்களுக்கு உரிய மனிதரைத் தாங்குவதற்கு ஏற்பாடு எதுவும் செய்துவைக்கவில்லை என்பது நம் அனைவருக்கும் உரிய குற்றம்.

இங்கேதான் இரண்டாம் வினா எழுகிறது. சுமையைத் தாங்கவேண்டியவர் யார்? ஆடுபவர் ஒருவரே என்றால், வெற்றி பெற்றவரின் புகழில் நாம் பங்கு கேட்பது எவ்வாறு பொருந்தும்? 'நம்மவர் வென்றார்' என்று மார்தட்டும் நாவுக்கு, 'அவன் தோற்றால் அவன் பாடு' என்று சொல்லும் உரிமை உண்டா? புகழைப் பொதுவாக்கி இழப்பைத் தனியாக்கும் கணக்கை நாம் வேறெந்தத் துறையிலும் நேர்மை என்று ஏற்கமாட்டோம்.

இதற்கு மாறான முன்மாதிரியும் இம்மாநிலத்திலேயே உண்டு. சதாரா மாவட்டத்து மற்போர் வீரர் காஷாபா ஜாதவ் 1952 ஹெல்சிங்கி ஒலிம்பிக்குக்குச் செல்லப் பணமின்றித் தவித்தபோது, கோலாப்பூரில் அவர் பயின்ற கல்லூரியின் முதல்வர் தம் வீட்டை அடகு வைத்து 7,000 ரூபாய் கொடுத்தார். ஊரார் தம்மால் இயன்றதைத் திரட்டினர். ஜாதவ் வெண்கலம் வென்றார். விடுதலை பெற்ற இந்தியாவுக்குத் தனியொருவர் வென்ற முதல் ஒலிம்பிக் பதக்கம் அதுவே. அந்த முதல்வர் அடகு வைத்தபோது பதக்கம் வரும் என்று எவரும் உறுதி கூறவில்லை. வராமற் போயிருந்தாலும் அவர் செய்தது அறமே.

நாம் எண்ணிப் பார்க்கவேண்டிய மற்றொன்றும் உண்டு. ஊரைவிட்டு முதன்முதலாக இந்நகருக்கு ரயிலேறியவர் யாராயினும், அவரும் ஒருவகையில் பணயம் வைத்தவரே. வேலை உறுதியில்லை, மொழி தெரியாது. அவர் எப்படிப் பிழைத்தார்? முன்னமே வந்திருந்த ஊர்க்காரர் ஒருவர் தம் சால் அறையில் பாய் விரிக்க இடம் கொடுத்தார். மெஸ்ஸில் கணக்கெழுதி உண்ண வழி செய்தார். ஆறு மாதமோ ஓராண்டோ, வேலை கிடைக்கும்வரை பொறுத்திருந்தார். கிடைக்காதவர்க்கு ஊர் திரும்ப ரயில் செலவும் கொடுத்தார். 'முதலில் வேலை தேடிக்கொண்டு பிறகு வா' என்று அவர் கூறியிருந்தால், நம்முள் எத்தனை பேர் இன்று இம்மலரைப் படித்துக்கொண்டிருப்போம்? காத்திருக்கும் காலத்தை ஒருவனுக்குக் கொடையாகக் கொடுப்பதே புலம்பெயர்ந்தோர் கண்டறிந்த பேரறம். அந்த ஆறு மாதத்தைத்தான் கபடி இளைஞர் நம்மிடம் கேட்டார். நாம் கடனாகப் பெற்றதைத் திருப்பிக் கொடுக்கும் வாய்ப்பு நம் வாசலுக்கே வந்தது. நாம் தேநீர் கொடுத்து அனுப்பினோம்.

கொடை என்பது கண்ணை மூடிக்கொண்டு ஊக்குவிப்பதன்று. மேலே காட்டிய 300, 250 என்னும் எண்களை மறைத்து ஒரு பிள்ளையைக் களத்தில் இறக்குவது, அவனை ஏமாற்றுவதாகும். கணக்கைச் சொல்லவேண்டும், சொன்னபின்னும் அவன் ஆட விரும்பினால் உடன் நிற்கவேண்டும். களத்தைச் சுற்றியுள்ள மற்றத் தொழில்களையும் காட்டவேண்டும். விளையாட்டு ஒரு தொழில்துறையாக வளர்ந்திருக்கும் இந்நாளில், ஆடுபவர் ஒருவர் என்றால் அவரைச் சூழ்ந்து உழைப்பவர் பலர். பயிற்சியாளர், நடுவர், உடலியக்க மருத்துவர், உணவியல் அறிஞர், திடல் பராமரிப்பவர், ஆட்டப் புள்ளிவிவரம் தொகுப்பவர், நேர்முக வருணனையாளர் என அப்பட்டியல் நீளும். ஆசியாவின் முதல் உடற்கல்விக் கல்லூரி 1920-லேயே சென்னையில் ஒய்.எம்.சி.ஏ. சார்பில் ஹாரி குரோ பக் என்பவரால் தொடங்கப்பெற்றது. பட்டியாலாவில் தேசிய விளையாட்டு நிறுவனம் 1961 முதல் பயிற்சியாளர்களை உருவாக்கி வருகிறது. நாட்டுப் பிரிவினைக்குப் பின் சியால்கோட்டிலிருந்து அகதிகளாக வந்தவர்கள் ஜாலந்தரில் விளையாட்டுக் கருவித் தொழிலை நிறுவி, அதனை நாடறியச் செய்தனர். பெயர்ந்து வந்தோர் பந்தும் மட்டையும் செய்து நிமிர்ந்த கதை நமக்கும் பாடமாகும்.

நிறுவனம் ஒன்று பொறுமையாக நின்றால் என்ன விளையும் என்பதைச் சதுரங்கம் காட்டுகிறது. மானுவல் ஆரன் 1961-ல் இந்தியாவின் முதல் இன்டர்நேஷனல் மாஸ்டர் ஆனார். 1972-ல் சென்னையில் சோவியத் பண்பாட்டு மையத்தில் தால் சதுரங்கக் கழகம் தோன்றியது. அங்கே ஆடிப் பழகிய விஸ்வநாதன் ஆனந்த் 1988-ல் நாட்டின் முதல் கிராண்ட்மாஸ்டர் ஆனார். 2024 டிசம்பரில் 18 வயது குகேஷ் உலகச் சாம்பியன் ஆனார். முதற்படிக்கும் இறுதிப்படிக்கும் இடையே 63 ஆண்டுகள். ஒரு பிள்ளையின் திறமை மட்டும் இதைச் செய்துவிடவில்லை. பலகையும் கடிகாரமும் வைத்து மாலைதோறும் கதவைத் திறந்துவைத்தவர்கள் செய்தார்கள். வென்றவர் சிலரே. அக்கதவு வழியே வந்து வெல்லாமற் போனவர்கள், அறிவுடைய ஆட்டக்காரராகவும் ஆசிரியராகவும் நடுவராகவும் நாடெங்கும் பரவினர். அவர்களும் விளைச்சலே.

ஒரு பிள்ளை ஆட்டத்தைத் தொழிலாகக் கொள்ள விரும்பும்போது பெற்றோரும் சங்கமும் கேட்கவேண்டியவை மூன்று எனலாம். கூலியில்லாத நாளிலும் அவன் ஆடுவானா என்பது முதலாவது. அப்படியாயின் ஹூய்சிங்கா கூறிய உவகை அவனிடம் அழியாமல் இருக்கிறது. கால் ஒடிந்த மறுநாளும் மதிப்போடு வாழ அவனிடம் கல்வியோ கைத்திறனோ ஒன்று இருக்கிறதா என்பது இரண்டாவது. இல்லையெனில், ஆட்டத்தைத் தடுப்பதற்கு மாறாக அதனை உடன் அமைத்துக்கொடுப்பதே நம் கடன். மூன்றாவது வினா பிள்ளையை நோக்கியதன்று, நம்மை நோக்கியது. அவன் தோற்றுத் திரும்பினால் அவனை எப்பெயரிட்டு அழைப்போம்? 'விளையாட்டாக இருந்து வாழ்வைக் கெடுத்துக்கொண்டவன்' என்போமாயின், அவனை அனுப்பாதிருப்பதே நன்று. 'முயன்று வந்தவன்' என்று அழைக்க நாம் ஆயத்தமானால், அவனை நெஞ்சாரப் போகச் சொல்லலாம்.

அந்த இளைஞர் பிறகு என்ன ஆனார் என்று வாசகர் கேட்கக்கூடும். அவர் பயிற்சிக்குப் போகவில்லை. பகலில் வேலையும் மாலையில் ஆட்டமுமாக ஓராண்டு தள்ளினார். கரடுமுரடான தரையில் ஆடியபோது முழங்கால் ஜவ்வு கிழிந்தது. இப்போது ஒரு கிடங்கில் இரவுக் காவல் பணியில் இருக்கிறார். ஞாயிறு தோறும் காலையில், காவல் முடித்து உறங்காத கண்களோடு, தம் பகுதிப் பிள்ளைகள் பத்துப் பன்னிருவருக்குக் கபடி கற்பிக்கிறார். கட்டணம் கிடையாது. கூலியில்லாத நாளிலும் ஆடுவானா என்னும் வினாவுக்கு அவர் என்றோ விடை கூறிவிட்டார்.

இவ்வாண்டு விழாவுக்கு அப்பிள்ளைகளை அழைத்திருக்கிறோம். பொன்னாடை வாங்கும் பொறுப்பை ஏற்ற செயற்குழு உறுப்பினர், எத்தனை வாங்குவது என்று கேட்டார். வாங்கவேண்டாம் என்றோம். அத்தொகையோடு இன்னும் சிறிது சேர்த்தால் பயிற்சி விரிப்பு ஒன்றுக்கு முன்பணம் ஆகும். மீதிக்குப் பட்டியல் ஒன்று திறந்திருக்கிறோம். அதில் முதற்பெயர், முன்பு நாம் நன்கொடை திரட்டி அனுப்பிய சதுரங்கச் சிறுவனின் தந்தையுடையது. அடுத்த வரிகள் இன்னும் எழுதப்படாமல் இருக்கின்றன.